திரையில் ஓடும் பேருந்துக்குக் கூலி உண்டா

மாணிக்க கங்கைக் கரையில் திரைக்குப் பின்னே இருந்து அருளும் வேலனே, உருவம் காட்டாது அருளை மட்டும் காட்டும் உன் வழக்கத்தை நம்பி அடியேன் இதை எழுதத் துணிகிறேன். சொல் பிழைத்தால் பொறுத்தருள்க. பொருள் பிழைத்தால் கையைத் தடுத்தருள்க.

இன்று தைப்பூசம். பூச நாளும் நிறைமதியும் கூடிய நல்வேளையில், தோட்டத்துக் கோயிலில் பாற்குடம் இறக்கிவைத்து, ஈர வேட்டியோடு வீடு திரும்பி, விளக்கின் முன் அமர்ந்து தொடங்குகிறேன். எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் சிலர் சிரிக்கக்கூடும். கணினி விளையாட்டு ஒன்றுக்கு வெளியார் தம் கையால் செய்து சேர்க்கும் பொருள்களுக்குக் கூலி கொடுக்க வேண்டுமா என்பதே அது. பதிகம் ஓதியே முதுமை அடைந்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு மறுமொழிதான் உண்டு. அந்தக் கேள்வி சென்ற கார்த்திகை முதல் என் வீட்டில் குடியிருந்தது. என் மகள் கடல் கடந்து பிறர் வீட்டு அடுப்படிக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்பது அதன் விடையைப் பொறுத்தே இருந்தது.

நாங்கள் இருவர். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குச் சற்று மேலே, தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்த காலத்தில் கட்டிய வீடு. மனைவி நோயில் விழுந்தபோது மகள் கொழும்புப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையை விட்டு வந்தாள். தாய் போன பிறகும் திரும்பிப் போகவில்லை. முப்பதைக் கடந்தவள். மணம் கூடிவரவில்லை. என் ஓய்வூதியத்தின் பெரும்பகுதி மனைவியின் சிகிச்சைக்கு வாங்கிய கடனுக்குப் போய்விடும். எஞ்சியதில் இருவரும் உண்டோம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் அடுப்படிக்குப் பின்னால் மண்ணில் ஒரு வெடிப்புத் தெரிந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். சுவரில் சிவப்பு மையால் ஓர் அடையாளம் இட்டார்கள். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு அந்த அடையாளத்தின் பொருளை எங்கள் பக்கத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழை வலுத்தால் பாடசாலை மண்டபத்துக்குப் போய்விட வேண்டும், இயன்றால் வேறு இடத்தில் வாடகைக்குப் போவது நல்லது, புது வீடு வரும் என்றார்கள். எப்போது வரும் என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பின்னால் மலை, முன்னால் பள்ளம், இடையில் எங்கள் கூரை. வாடகைக்கு வழி தேடிப் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதுளை முகவர் ஒருவரிடம் மகள் போய் வந்தாள். வளைகுடா நாட்டில் ஒரு வீட்டு வேலை இருக்கிறது, தை பிறக்குமுன் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

இனி அவள் செய்துவந்த பணியைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றை உலகுக்கு விட்டிருக்கிறது. கைப்பேசியிலும் ஆடலாம், கணினியிலும் ஆடலாம். அதில் அந்த நிறுவனத்தார் வைத்த பேருந்துகளோடு நாமாகச் செய்த பேருந்தையும் பாதையையும் சேர்த்து ஓட்ட முடியும். அப்படிச் சேர்ப்பதை மொட் என்கிறார்கள். என் மகள் பழைய கணினி ஒன்றை வாங்கி, யாரும் கற்றுக்கொடுக்காமல், பிறர் இணையத்தில் இலவசமாக விட்டிருந்த பாடங்களைப் பார்த்தே அதைப் பயின்றாள். அவள் செய்தது எங்கள் பதுளை - ஸ்பிரிங்வெளிப் பேருந்து. பாதையின் வளைவுகள், தேயிலை நிரைகள், லயத்துத் தகரங்கள், கொழுந்து நிறுக்கும் மடுவம், வேலன் கோயிலின் சிறு கோபுரம், எல்லாம் அதில் இருந்தன. அதைப் பதிவிறக்கி ஓட்டுபவர்கள் ஆயிரக்கணக்கில் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு காசும் வாங்காமல் கொடுத்தாள் என்பதை மட்டும் எளிதில் நம்பினேன். நானும் அறுபது வருடங்களாகக் கோயிலில் அப்படித்தானே பாடிவந்தேன்.

மெய்யான பேருந்தில் நடத்துநராக இருக்கும் அயல்வீட்டுக்காரர் ஒரு நாள் தேநீர் குடிக்க வந்து, திரையில் தம் பேருந்தைக் கண்டு தேநீரையே மறந்தார்.

"சேர், இது நம்ம பஸ்ஸேதான்! ரெண்டாவது சீட்டு கிழிஞ்சிருக்கே, அதக்கூட விடலயே தங்கச்சி."

"நான் கிழிக்கலண்ணே. நீங்க தைக்காம விட்டது," என்றாள் மகள்.

"ஓனர்ட்ட சொன்னா, ஓம் படிக்காசுல தைச்சுக்கன்றாரு. நீ மட்டும் தைச்சு வச்சிறாத. அப்புறம் இது நம்ம பஸ்ஸே இல்லேன்னுருவானுக." அவர் திரையை இன்னும் நெருங்கிப் பார்த்தார். "ஆமா, நான் எங்க?"

"இந்தக் கேம்ல கண்டக்டர வைக்க வழியில்லண்ணே."

"கேட்டீங்களா சேர்? கிழிஞ்ச சீட்டு வேணுமாம், கண்டக்டர் வேணாமாம்! டிக்கெட்ட யாரு போடுறது?"

"யாரும் போடுறதில்ல. எல்லாரும் சும்மாதான் போறாங்க."

"அப்ப கட்டாயம் நட்டந்தான்," என்று சொல்லி, ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். அவர் வேடிக்கையாகச் சொன்ன அந்தச் சொல் என் மகளின் முகத்தில் வேடிக்கையாக விழவில்லை என்பதை நான் கவனித்தேன்.

எங்கள் பாதையில் காலைப் பேருந்து பக்திப் பாடலோடுதான் புறப்படும். பாடல் இல்லாமல் வண்டி எடுக்கும் சாரதியை நான் கண்டதில்லை. ஆகவே திரைப் பேருந்துக்கும் ஒரு காலைப் பாடல் வேண்டியிருந்தது. மகள் என்னிடம் வந்தாள்.

"விக்கிற பாட்டு எதையும் போட முடியாதுப்பா. உரிமைக்காரங்க வந்து மொத்தத்தையும் தூக்கிருவாங்க. நீங்க பாடுங்க. ஒங்க தொண்டைக்கு யாரு வந்து உரிமை கேக்கப் போறா?"

"பாடுறேன். ஆனா ஒண்ணும்மா. சாமி பாட்டுக்கு நான் இதுவரைக்கும் கை நீட்டினதில்ல. எந்தக் காலத்துலயும் இத விக்கக் கூடாது."

"இதுல எங்கப்பா விக்கிறது? எல்லாமே சும்மாதான்."

மழைச் சத்தம் விழாதிருக்க இருவரும் ஒரு கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒலிப்பதிவு செய்தோம். அப்படியும் தகரத்தில் விழுந்த மழை பதிகத்தின் அடியில் தாளம் போலப் பதிந்துவிட்டது. அதை நீக்கிவிட அவள் முயன்றபோது, நீக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அந்த மழையோடுதான் அது ஊர் ஊராகப் போயிற்று.

பாடல் சேர்ந்த பிறகு அவளுக்கு வரும் செய்திகள் பெருகின. அவளை எல்லாரும் ஆண் என்றே எண்ணியிருந்தார்கள். சமைத்துக்கொண்டே அவற்றை எனக்கு வாசித்துக் காட்டுவாள். 'அண்ணே, ஹோர்ன் சத்தம் பத்தாது.' 'அண்ணே, மழையில வைப்பர் ஓடல, எப்ப சரி பண்ணுவீங்க?' 'அண்ணே, அடுத்த பஸ் எல்ல டவுன் ரோட்டுக்குப் போடுங்க.' இரண்டு நாள் பதில் இல்லையென்றால், 'ஆள் பெரிய ஆளாயிட்டாரு போல', 'செத்துட்டீங்களா அண்ணே?' என்று வரும்.

"ஏம்மா, பொம்பளைப் பிள்ளைன்னு சொல்லிற வேண்டியதுதானே?" என்று ஒரு முறை கேட்டேன்.

"சொன்னா பஸ்ஸப் பாக்க மாட்டாங்கப்பா. என்னையத்தான் பாப்பாங்க."

அன்பினால் தொடங்கியது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் கார்த்திகை பிறந்தபோது அது அன்பின் சாயலை இழந்து, தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுத்த ஆளின் நிலையை அடைந்திருந்தது. பேர் கொடுத்தவர் வேலைக்கு வராவிட்டால் கேள்வி எழும். வந்தால் தோட்டத்து ஆளுக்குக் கூலியாவது உண்டு, இவளுக்கு மாத முடிவில் எதுவும் இல்லை. கண் சிவந்து, கழுத்துப் பிடித்து, திரையின் முன்னே நாள் முழுதும் இருந்தாள். விட்டுவிடவும் முடியவில்லை. விட்டால் அத்தனை பேரும் ஓட்டும் பேருந்து அடுத்த மாதம் விளையாட்டு புதுப்பிக்கப்படும்போது நின்றுபோகும். செய்தவள்தான் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

கார்த்திகை நடுவில் மழை விடாமல் பிடித்தது. அடுப்படிச் சுவரில் வெடிப்பு ஏறியது. ஒரு முற்பகல் எல்லாரும் மண்டபத்துக்கு இறங்கச் சொல்லி ஆள் வந்தது. நான் பதிக ஏட்டையும் பூசைச் சொம்பையும் எடுத்துக்கொண்டேன். மகள் கணினியைப் பொலித்தீனால் சுற்றி, உரச் சாக்குக்குள் வைத்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டாள். படிக்கட்டில் எதிர்ப்பட்ட நடத்துநர், அந்த மழையிலும் நாவை அடக்கவில்லை.

"எல்லாரும் அரிசிப் பானையத் தூக்குறாங்க. இந்த வீட்ல மட்டும் ஒருத்தர் சாமியத் தூக்குறாரு, ஒருத்தி பஸ்ஸத் தூக்குறா. பாத்து வாம்மா, பஸ் சறுக்கும்!"

மண்டபத்தில் சிறுபிள்ளைகளின் வாங்குப் பலகையில் கால்களை மடக்கி உட்கார்ந்து, நனைந்த தலையோடு, அவள் என்ன செய்தாள் தெரியுமா? வைப்பரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். திரைக்குள் பெய்த மழையைத் துடைக்க ஒரு கோல் ஒழுங்காக ஆட வேண்டும் என்று கேட்டவர் எங்கோ உலர்ந்த அறையில் இருந்தார். வெளியே எங்கள் மலை நனைந்து கனத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, இதுக்குக் காசு கேக்கலாமா?"

 எனக்குத் தோன்றிய தடைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். விளையாட்டு வேறொருவருடையது. சேர்க்கலாம், விற்கக் கூடாது என்று அந்த நிறுவனத்தார் விதி எழுதியிருக்கிறார்கள் என்று அவளே சொன்னதுண்டு. அவள் கற்றதும் பிறர் இலவசமாகக் கொடுத்த பாடத்தில்தான். அதன் மேல், இறைவன் பாடல் அதற்குள் இருக்கிறது. மனம் உவந்து செய்ததற்கு விலை வைத்தால் உவப்பு போய்விடாதா என்றும் கேட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஒங்களுக்குப் பென்ஷன் வருதுப்பா. அதனால பாட்டு சும்மா வருது."

அவள் தலையிலிருந்து வடிந்த நீரை என் துண்டால் துடைத்துவிட்டேன். 

அதே வாரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் அவளுக்குக் குரற்செய்தி அனுப்பினார். இத்தகைய பேருந்துகளை ஓட்டிக் காட்டும் காணொளிச் சேனல் ஒன்றை நடத்துபவர். விளம்பரத்தால் அவருக்கு வருமானம் உண்டு. மகளின் பேருந்தை ஓட்டிக் காட்டித்தான் அவரது சேனல் வளர்ந்தது என்பதை அவரே மறைத்ததில்லை. குரல் தெரிந்துவிடும் என்பதால் மகள் எப்போதும் எழுத்தில்தான் பதில் சொல்வாள். அவர் பேசியதை எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அண்ணை, உங்கட பஸ்ஸுக்கு ஒரு பூட்டுப் போடுவம். என்ர சேனலுக்கு மாசக் காசு கட்டுற ஆக்களுக்கு மட்டும் திறந்து விடுவம். வாறதில பாதி உங்களுக்கு. கொம்பனிக்காரன் எங்கட தமிழ்ச் சேனலையெல்லாம் பாத்துக்கொண்டிருக்க மாட்டான், நீங்கள் பயப்பிடாதேங்கோ. ஆனா ஒண்டு, அந்த ஐயாவின்ர பாட்டு கட்டாயம் இருக்கோணும். சனம் அதுக்காகத்தான் வருது."

மகள் என்னைப் பார்க்கவில்லை. 'யோசித்துச் சொல்கிறேன்' என்று எழுதிவிட்டு அடுப்பை மூட்டப் போனாள். நான் விதித்த நிபந்தனையை அவள் ஒருமுறையாவது எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை. மலை ஒரு பக்கமும் பள்ளம் ஒரு பக்கமும் நெருக்கிய அந்த வீட்டில் மூன்றாவது சுவராக நான் நிற்கிறேன் என்று எனக்குத் தோன்றியது.

மார்கழி பிறந்தது. எங்கள் தோட்டங்களில் மார்கழி முழுதும் விடியலில் பஜனை போகும். ஆர்மோனியமும் தாளமுமாய்ப் பனியில் லயம் லயமாக நடந்து பாடுவோம். நாள்தோறும் காசு கேட்பதில்லை. மாதம் நிறையும்போது ஒரு தட்டில் விபூதியும் கற்பூரமும் வைத்து வாசல்தோறும் கொண்டுபோவோம். இயன்றவர் இயன்றதைப் போடுவார்கள். போட இயலாதவருக்கும் அதே விபூதி. அந்த வழக்கம்தான் எனக்கு வழியாகப் பட்டது. பேருந்தைப் பூட்ட வேண்டாம், விலை வைக்க வேண்டாம், மார்கழி நிறையும்வரை காத்திராமல் இப்போதே ஒரு தட்டை மட்டும் வை என்று மகளிடம் சொன்னேன். விற்பனை இல்லை, ஆகவே என் சொல்லும் கெடாது, நிறுவனத்தாரின் விதியும் கெடாது. அவள் முகம் தெளிந்தது. 'மார்கழித் தட்டு, மனமுள்ளவர் இடலாம்' என்று ஒரு வரி எழுதி, வங்கிக் கணக்கையும் சேர்த்து வெளியிட்டாள்.

எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை அது. லயத்தில் தட்டு வரும்போது அடுத்த வாசலில் ஆள் நிற்கிறார். யார் போட்டார், யார் போடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பாடினவன் பனியில் இருமிக்கொண்டே நடப்பதையும் பார்க்கிறார்கள். இணையத்தில் வாசலும் இல்லை, அயலும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஓட்டிய பேருந்துக்குத் தட்டில் விழுந்தது ஒரு வாரத்து மரக்கறிக்கும் போதவில்லை. விழுந்த வசைதான் அதிகம். 'காசுப் பேய் பிடிச்சிருச்சு', 'சும்மா தர்றேன்னு பழக்கிவிட்டு இப்ப கை நீட்டுறியா?' என்றார்கள்.

போட்டவர்கள் சிலர் வேறு வகையில் நெருக்கினார்கள். 'நான் குடுத்திட்டன், எப்ப எங்கட ஊர் பஸ் வரும்?' என்று நாள்தோறும் ஒருவர் கேட்டார். லயத்தில் தட்டில் காசு போட்டவர் யாரும் நாளைக்கு இந்தப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று எங்களுக்குக் கட்டளையிட்டதில்லை. இங்கே ஒரு தேநீருக்குக் காணாத காசில் என் மகளையே வாங்கிவிட்டதாக எண்ணினார்கள்.

முகவர் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவச் சோதனைக்கு நாள் வாங்க வேண்டும், அந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். மகள் 'சரிங்க' என்று வைத்துவிட்டு, பெட்டியை இறக்கிப் பூச்சி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள்.

அந்தப் பெட்டியைப் பார்த்தபடி அன்று முழுதும் நான் பூசையில் அமர முடியாமல் தவித்தேன். பாடலுக்குக் கை நீட்டாதவன் என்று ஊர் என்னைச் சொல்லும். அந்தப் பேரை நான் இறைவனுக்காகக் காத்தேனா, எனக்காகக் காத்தேனா? மாலை விளக்கேற்றுமுன் அவளை அழைத்தேன்.

"அந்தத் தம்பி சொன்னபடியே பூட்டச் சொல்லும்மா. பாட்டையும் சேத்தே குடுத்துரு. நான் சொன்ன சொல்ல நானே எடுத்துக்கிறேன். சாமி என்னையக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவள் விளக்குத் திரியைத் திரித்து வைத்தாள். பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். நண்பகலில் வந்த செய்தி ஒன்று அதில் இருந்தது. நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போன பெண் எழுதியது.

'அண்ணா, வெள்ளிக்கிழமை மட்டுந்தான் என் போன் என் கைக்கு வரும், அதுவும் கொஞ்ச நேரம். அந்த நேரத்துல ஒங்க பஸ்ல ஏறி ஸ்பிரிங்வெளிக்குப் போறேன். மூணாங்கட்டை வளைவுல நிப்பாட்டி, ஐயா பாடி முடிக்கிற வரைக்கும் மழைச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருப்பேன். தட்டு வச்சிருக்கீங்கன்னு பாத்தேன். சம்பளம் அம்மா கைக்கு நேரா போகுது, என்கிட்ட காசு இல்ல. கோவிச்சுக்காதீங்க. காசு கட்டினாத்தான் ஓடும்னு மட்டும் மாத்திறாதீங்கண்ணா.'

நான் படித்து முடித்ததும் மகள் சொன்னாள்: "பூட்டினா மொதல்ல வெளிய நிக்கப்போறது இவதான்ப்பா."

"பூட்டலேன்னா?"

"பூட்டலேன்னா, இவ பக்கத்து வீட்ல நான் இருப்பேன்."

பொழுது இருட்டியது. விளக்கேற்றவும் தோன்றவில்லை. நான் கட்டிய முடிச்சை நான் அவிழ்த்துவிட்டேன். ஆனால் அவள் வெளியேற வேண்டிய வாசலில், முகம் தெரியாத ஒருத்தி அமர்ந்திருந்தாள். அவளைத் தள்ளிவிட்டுப் போக என் மகளால் இயலவில்லை. என்னாலும் போ என்று சொல்ல இயலவில்லை.

மறுநாள் காலை மகள் தலை வாரி, பொட்டிட்டு, வெளியே போகிறவளைப் போல் ஆயத்தமாகி, யாழ்ப்பாணத்து இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தாள். குரல் எழுப்பிப் பேசுவது அதுவே முதல் முறை. நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"வணக்கங்க. ஸ்பிரிங்வெளி பஸ் செஞ்ச ஆள் பேசுறேன்."

"ஓம், வணக்கம். அண்ணை நிக்கிறாரோ? அவரிட்டக் குடுங்கோ."

"அண்ணை கெடையாது. எப்பவுமே இருந்ததில்ல. நாந்தான்."



"ஐயோ அக்கா! நான் உங்களுக்கு 'மச்சான்' எண்டெல்லாம் எழுதிப்போட்டனே!"

"அத விடுங்க தம்பி. காசப் பத்திப் பேசுவோம்." மகள் தொடர்ந்தாள். "பஸ்ஸ விக்க மாட்டேன். பூட்டவும் மாட்டேன். இதுவரைக்கும் அத ஓட்டிக் காட்டி நீங்க எடுத்த காசுக்கும் நான் வரல. இனிமே நான் செய்யிற வேலைக்கு மாசக் கூலி குடுங்க. புதுசா செய்யிறது ஒங்க சேனல்ல மொத வாரம் ஓடட்டும். அப்புறம் எல்லாருக்கும் போயிரும்."

"சும்மா குடுக்கப்போற சாமானுக்கு நான் ஏன் அக்கா காசு தரோணும்?"

"ஊருக்குச் சும்மா குடுக்கிறது நான். ஒங்களுக்குச் சும்மா வரலயே. மலையில கொழுந்து பறிக்கிறவங்களுக்கு அன்னிக்குக் கூலிக் கணக்குல பேர் விழுதா இல்லையா? தேத்தண்ணிய யார் குடிச்சாலும் பறிச்ச கைக்குக் கூலி உண்டுல்ல?"

"நான் மாட்டன் எண்டால்?"

"தை மாசம் நான் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருவேன். வைப்பர நீங்களே ஆட்டிக்கங்க."

அவர் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறி வைத்தார். யோசிக்க அவர் எடுத்துக்கொண்ட நாள்களில் வீட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்பதைக்கூட நாங்கள் உணரவில்லை. முகவர் மீண்டும் அழைத்தார். மகள் எடுக்கவில்லை. மார்கழியின் கடைசி வெள்ளியன்று மறுமொழி வந்தது. கேட்டதில் பாதிக்கும் குறைவு. ஓராண்டுக்குத் தருவதாகச் சொன்னார். மாதம் இரண்டு பேருந்து வேண்டும், பிந்தக் கூடாது என்றார். மகள் ஒப்புக்கொண்டாள். அடுத்த அழைப்பிலேயே முகவரிடம், "நான் வரலங்க, வேற ஆளப் பாருங்க," என்றாள். அவர் ஏசினார். ஏசி முடியும்வரை பொறுமையாகக் கேட்டிருந்து வைத்தாள்.

இதை விடுதலை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வரும் கூலி வாடகை வீட்டுக்குப் போதாது. சுவரில் சிவப்பு அடையாளம் இருக்கிறது. மழை வலுத்த நாளில் இன்னும் மண்டபத்துக்குத்தான் இறங்குகிறோம். முன்பு ஆயிரம் பேர் விரட்டினார்கள். இப்போது அவர்களோடு காசு கொடுக்கும் ஒருவரும் நாள் குறித்து விரட்டுகிறார். அவர் தம் சேனலில் 'அக்கா' என்று சொல்லி, அவள் பெண் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு வரும் செய்திகளில் சிலவற்றை அவள் எனக்கு வாசித்துக் காட்டுவதில்லை. ஆயினும் அவள் போகவில்லை. அந்தப் பெண்ணின் வெள்ளிக்கிழமைப் பேருந்தும் நிற்கவில்லை.

கூலி கொடுக்க வேண்டுமா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், வேண்டும் என்பேன். உழைத்த கையிலிருந்து ஆதாயம் எடுத்தவர் அந்தக் கைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். உவந்து செய்தாள் என்பதைக் காரணமாக்கிக் கூலி கொடுக்காமல் விடுவது அவளது உவப்பையே திருடுவதாகும். ஆனால் அந்தக் கூலியைச் சேர்க்க வாசலில் பூட்டுப் போட்டால், கையில் காசில்லாமல் வாரத்தில் ஒரு சிறு பொழுது மட்டும் தனக்கென்று உள்ளவள் வெளியே நிற்பாள். இந்த இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் வழியை என் மகள் பாதிதான் கண்டிருக்கிறாள். மீதியை எனக்குக் காணத் தெரியவில்லை.

இதோ, பூச நாளிலும் அவள் அந்தத் திரையின் முன்தான் இருக்கிறாள். கோயிலுக்கு வந்து கும்பிட்டுவிட்டு உடனே திரும்பிவிட்டாள். இந்த மாதத்தின் இரண்டாவது பேருந்து இன்னும் முடியவில்லை.

இதைப் படிக்கும் உங்கள் எல்லாருக்கும், உவந்து செய்யும் வேலை ஒன்று வாய்க்கட்டும். அதற்குரிய கூலி கேட்காமலே வந்து சேரட்டும். மலைச்சரிவில் இருப்போர் கூரை நிலைக்கட்டும். அயல்நாட்டு அடுப்படியில் இருப்போர்க்கு ஊர் திரும்பும் நாள் விரைந்து வரட்டும். வேலன் அருள் உங்கள் வாசலில் நின்று காக்க.